சர்க்கரை இல்லாத வீட்டில் தேன்சிட்டு

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் சுண்டு விரலை எடுத்த வாரமே, அடுப்படியிலிருந்து சர்க்கரை டப்பாவையும் நான் எடுத்துவிட்டேன். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். சர்க்கரையை நாக்கில் வைக்கக் கூடாது. புண் ஆறியதும் எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலுக்கு ரத்தம் சரியாக இறங்காது, அடுத்த தடவை விரலோடு நிற்காது என்றார். சொல்லிக்கொண்டே தன் கையை அவருடைய கணுக்காலுக்கு மேலே வைத்து, கத்தி போவது போல ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கை போன இடம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சர்க்கரையை நான் பார்த்துக்கொண்டேன். நடப்பதை அவர்தானே பார்க்க வேண்டும்?

கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் லைட்மேனாக இருந்தவர் அவர். தளத்துக்கு மேலே, உத்தரத்தை ஒட்டிக் கட்டிய பலகையில் நின்று, ஆள் கனம் இருக்கும் விளக்கைத் திருப்பிக்கொண்டு இருந்தவர். அப்படி உயரத்தில் திரிந்த மனிதர் கட்டிலை விட்டுப் பால்கனிக்கு வர மாட்டேன் என்றார். பாத்ரூமுக்கு மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு போவார், வருவார், படுப்பார். முதலில், “புண்ணு ஆறட்டும்” என்றார். புண் ஆறிற்று. “வலி போவட்டும்” என்றார். வலியும் போயிற்று. பிறகு, “வெயில் கொறையட்டும்மே” என்றார். சென்னையில் வெயில் குறைந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

அவரோடு வேலை செய்த சிநேகிதர் ஒருத்தர் வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா மச்சி, ஒரு வெரலு போனதுக்கு மாமனார் வூட்டுக்கு வந்தா மாதிரி படுத்துக்கினு கீற? எய்ந்திரு, டீக்கடை வரைக்கும் போய்ட்டு வரலாம்.”

“நீ போய் குடிச்சிட்டு வா மாமா. எனக்குத்தான் சக்கர இல்லாத டீயி. அத குடிக்க அவ்ளோ தூரம் போவணுமா?”

சிநேகிதர் சிரித்தார். கிளம்பும்போது மட்டும் படியில் நின்று என்னிடம் மெதுவாக, “அவன் கால பாத்து பயப்படல. நாலு பேரு முன்னாடி செவுத்த புடிச்சிக்கினு நடக்கணுமேன்னு பயப்படறான்” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் அதை விட மாட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். மீதியை எல்லாம் தைக்க வருகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அளவு எடுக்க டேப்பைத் தோளில் போட்டதும் பெண்களுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். ஒரு அம்மா ஒரு தடவை, “துணின்னா நனைச்சுப் பார்த்துட்டுத் தைக்கலாம், எவ்ளோ சுருங்கும்னு தெரிஞ்சிடும். ஆம்பளைய எதுல நனைக்கறது?” என்று கேட்டார். அன்று முழுக்க அதையே நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மயிலாப்பூரில் குளத்தைத் தாண்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. இரண்டாவது மாடியில் ஒரு அறை, அடுப்படி, கிரில் போட்ட சின்ன பால்கனி. என் மிஷின் கீழே, படிக்கட்டுக்கு அடியில். ப்ளவுஸ் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேலே போவேன், பிறகு விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான். நடுவில் அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த தெரு மாமி ஒருநாள் ப்ளவுஸ் துணியோடு ஒரு சிவப்புச் சாமானையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கண்ணாடி பாட்டில். அதைக் கவிழ்த்து வைத்த மாதிரி அடியில் சிவப்புத் தட்டு. தட்டைச் சுற்றி பிளாஸ்டிக்கில் மஞ்சள் பூ, ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு துளை.

“இது இன்னா மாமி, சாமி விளக்கா?”

“விளக்கும் இல்லே, ஒண்ணும் இல்லே. குருவிக்குத் தண்ணி வெக்கறது. அமெரிக்காவிலேர்ந்து என் பொண்ணு குடுத்து அனுப்பினா. அவாத்துப் பின்பக்கம் இதே மாதிரி தொங்கவிட்டிருக்கா. ஹம்மிங்பேர்டுன்னு ஒண்ணு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அந்தரத்துல நின்னுண்டே குடிக்கும். றெக்கை இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது, விர்ருனு சத்தம் மட்டும் கேக்கும், உன் மிஷின் மாதிரி. பொண்ணும் மாப்பிள்ளையும் கார்த்தால ஆபீஸ் போனா, ராத்திரிதான் வருவா. ஆறு மாசம் நேக்கு அதான் பேச்சுத்துணை.”

“அந்தக் குருவி இங்க வருமா?”

“அசடே, கடலைத் தாண்டி எப்படி வரும்? இங்கே தேன்சிட்டு இருக்கே, அது வரும். எங்க ஃப்ளாட்ல மாட்டினேன். எறும்பு வர்றதுன்னு பக்கத்தாத்துல ஒரே சண்டை. உங்காத்துக்காரர் படுத்துண்டே இருக்கார்னு சொன்னியே, பாத்துண்டாவது இருக்கட்டும். ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணி. அவ்வளவுதான். வேற எதையும் போட்டுடாதே.”

பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு முருங்கை மரமும் செம்பருத்திச் செடியும் உண்டு. அங்கே தேன்சிட்டு வருவதை நானும் பார்த்திருக்கிறேன். பாட்டிலைக் கழுவினேன். அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி பால்கனிக் கம்பியில் மாட்டினேன். ஆனால் சர்க்கரைக்கு எங்கே போவது? வீட்டில் ஒரு பருக்கை கிடையாது. அதை மறுபடி உள்ளே கொண்டுவரவும் பயம். இவர் இனிப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்வார். ஷூட்டிங்கில் கொடுக்கிற கேசரியைச் சட்டைப் பையில் பொட்டலமாகப் போட்டுக்கொண்டு வந்து, வரும் வழியிலேயே தின்று முடித்துவிட்டு, பையில் நெய்க் கறையோடு நின்றவர்.

யோசித்துப் பார்த்தேன். அவருடைய காபியில் போடுகிற மாத்திரை இருந்தது. சர்க்கரை இல்லாமலே இனிக்கிற மாத்திரை. அதில் கொஞ்சம் எடுத்து நசுக்கித் தண்ணீரில் கலக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல இனிப்பு. எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாகக் கூட இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு தேன்சிட்டு வந்தது. மேலே சாம்பல், வயிற்றில் மஞ்சள், பெட்டை. கம்பியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. மூக்கைத் துளையில் விட்டது. தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போயே போய்விட்டது. அன்றைக்கு அப்புறம் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நான் செய்ததைச் சொன்னதும் அவர் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

“இன்னாமே, குருவிக்கும் சுகர் கீதுன்னு டாக்டர் சொன்னாரா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் என் மூளையைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் சரி என்று விட்டுவிட்டேன்.

மாமி சிரிக்கவில்லை. கீழே மிஷின் பக்கத்தில் நின்றபடி, “அடிப்பாவி! பொழுது விடிஞ்சா பொழுது போனா பறந்துண்டே இருக்கற ஜீவன். அதுக்கு உடம்புல தெம்பு வேண்டாமா? வாய்க்கு இனிச்சா மட்டும் போறுமா?” என்றார்.

அன்று சாயங்காலம் கடையில் கால் கிலோ சர்க்கரை வாங்கினேன். ஏதோ கூடாத சாமானைக் கொண்டுவருவது போல முந்தானையில் மூடிக்கொண்டுதான் படி ஏறினேன். பழைய டப்பாவில் கொட்டி, புளி ஜாடிக்குப் பின்னால் வைத்தேன்.

சர்க்கரைத் தண்ணீர் வைத்த பிறகு குருவி வந்தது. ஆனால் நிம்மதியாகக் குடிக்கவில்லை. மாமி சொன்ன அமெரிக்கக் குருவி மாதிரி இதற்கு அந்தரத்தில் நிற்க வரவில்லை. சிறகை அடித்துக்கொண்டு ஒரு வாய் எடுக்கும், நழுவும், மறுபடி கம்பிக்குப் போகும்.

“உக்கார எடம் குடுக்காம சாப்ட சொன்னா எப்டி?” என்றார் இவர் கட்டிலிலிருந்து. “தொடப்பத்துலேர்ந்து ஒரு குச்சி உருவி தட்டுக்குக் கீழ கட்டு. நூலுக்கா பஞ்சம் உன்கிட்ட?”

கட்டினேன். அவ்வளவுதான், அது ஹோட்டலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து குடித்தது. பெட்டையின் பின்னாலேயே ஆணும் வந்தது.

அந்த ஆணைப் பார்த்த பிறகுதான் இவர் கண்ணில் அந்தப் பழைய லைட்மேன் திரும்பி வந்தான். நான் பார்த்தபோது அது ஒரு கறுப்புக் குருவி, அவ்வளவுதான். இவர் அதட்டினார்.

“வெயில அது முதுகுக்குப் பின்னால வெச்சிக்கினு மூஞ்சிய பாத்தா கறுப்பாதாம்மே தெரியும். அந்தக் கம்பிக்கு மாத்து. வெயிலு சைடுல உழணும். ம், இன்னும் கொஞ்சம். ஸ்டாப்.”

மாற்றி மாட்டிவிட்டு வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குருவி வந்தது. தலையைத் திருப்பியது. நெற்றியில் பச்சை ஒன்று பற்றிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் திரும்பியதும் தொண்டை ஊதாவாகிற்று. முதுகு மாதுளைத் தோல் நிறம். இத்தனையும் கறுப்புக்குள்ளே இருந்திருக்கிறது.

“பாத்தியா?” என்றார். ஏதோ அவரே அதற்குச் சாயம் பூசி அனுப்பியது போல.

எனக்கு அதற்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. பாட்டிலைத் தினமும் கழுவி மாட்டும்போது ஒரு கம்பி தள்ளி மாட்டினேன். முதலில் அவர் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் உட்கார வேண்டியிருந்தது. அப்புறம் காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டினால்தான் தெரியும். “வேணும்னே பண்றியா?” என்று கேட்டார். “எறும்பு வருதுங்க, அதான்” என்றேன். எறும்பும் வந்துகொண்டுதான் இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் கட்டிலின் விளிம்பு வரை வந்தவர் அதற்கு மேல் வரவில்லை. பாட்டிலைச் சுவருக்கு மறைவில் கடைசிக் கம்பிக்குக் கொண்டுபோனேன். இனி எழுந்து வந்தால்தான் பார்க்கலாம். அவர் மறுபடி படுத்துவிட்டார். ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரொம்ப இழுத்துவிட்டேனோ என்று எனக்கு வருத்தமாகப் போயிற்று. மறுபடி கிட்டே கொண்டுவரலாமா என்று கை போகும், டாக்டரின் கை போட்ட கோடு ஞாபகம் வரும், விட்டுவிடுவேன்.

அப்போதுதான் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

காலையில் முக்கால் பாட்டில் ஊற்றிவிட்டுக் கீழே போவேன். மத்தியானம் வந்து பார்த்தால் கால் பாட்டில்கூட இருக்காது. தேன்சிட்டின் வயிறு எவ்வளவு இருக்கும்? நம் ஊசியின் காதில் நுழைகிற மாதிரி ஒரு நாக்கு அதற்கு. ஒரு ஊரே திரண்டு வந்தாலும் இவ்வளவு குடிக்காது. சில நாள் பாட்டில் நான் ஊற்றியதை விடக் கூடுதலாக, விளிம்பு வரை நிறைந்திருக்கும். புளி ஜாடிக்குப் பின்னால் இருந்த டப்பாவைத் திறந்தேன். அதிலும் இறங்கியிருந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் எறும்பு வரிசை. ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை. வரும்போது அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்குமோ?

நடக்காதவர் எப்படி அடுப்படிக்குப் போனார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்தான். இனிப்பு என்றால் இவர் தவழ்ந்தாவது போவார் என்றுதான் அப்போது தோன்றியது. சாதாரணமாக அவரை ‘ஏங்க’ என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் ‘யோவ்’ ஆகிவிடும்.

“யோவ், என் தலைல அடிச்சி சொல்லு. அந்த சக்கர தண்ணிய குடிக்கறியா?”

தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா. குருவி பாதி, நான் பாதி. போதுமா?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பால்கனிக்குப் போய்ப் பாட்டிலைக் கழற்றக் கையைத் தூக்கினேன். உள்ளே இருந்து, சுவரைப் பார்த்தபடியே, “அத எடுக்காதமே” என்றார். குரலில் சண்டை இல்லை. கெஞ்சலும் இல்லை. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

மறுநாள் முற்பகலில் கரண்ட் போய்விட்டது. என் மிஷின் மோட்டாரில் ஓடுகிறது. பாதி தைத்த கையோடு ப்ளவுஸ் அப்படியே நின்றது. வீட்டுக்குள் ஃபேன் இல்லாமல் வேர்த்துக்கொண்டு கிடப்பாரே, விசிறியாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று படி ஏறினேன். செருப்பைக் கீழேயே விட்டிருந்தேன், சத்தம் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

“இரு நைனா, இரு. ஏன் கத்தற? இது புளிச்சிப் போச்சி. நாறுது பாரு. இத குடிச்சா உனக்கு வவுறு கெட்டுப் போவும். வேற ஊத்தறேன், இரு.”

கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. இவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கிரில் கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் பாட்டில். அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து முகத்தைச் சுளித்தார். பக்கத்துக் காம்பவுண்டு முருங்கைக் கிளையில் அந்த ஆண் குருவி உட்கார்ந்து ‘டிச்சிக் டிச்சிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் காலையில் ஊற்றுவது இந்த ஊர் வெயிலில் உச்சிப்பொழுதுக்குள் கெட்டுப்போகிறது. நான் கீழே இருக்கிறேன், எனக்கு எங்கே தெரியும்?

அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். வலது காலை ஊன்றும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கிரிலை விட்டதும் கதவு நிலையைப் பிடித்தார். நிலையை விட்டதும் கட்டில் தலைமாடு, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு சுவர். ஒவ்வொன்றையும் பிடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் எதையும் பிடிக்காமல் நின்றார். அந்த ஒவ்வொரு கணத்திலும் ஓடிப்போய்த் தோளைக் கொடுக்க எனக்குக் கை பரபரத்தது. கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய சிநேகிதர் படியில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை காதில் இருந்தது.

தொட்டியில் பழைய தண்ணீரைக் கொட்டினார். பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி அலம்பினார். புளி ஜாடியை நகர்த்தி டப்பாவை எடுத்தார். சர்க்கரையைக் கரண்டியில் அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். கரண்டி கையில் இருந்தது. அதை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது. பிறகு கரண்டியைச் சொம்புத் தண்ணீருக்குள் விட்டுக் கலக்கினார், பாட்டிலில் கால் அளவுக்கு ஊற்றினார், கையைக் கழுவினார், ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். ஒரு பருக்கை வாய்க்குப் போகவில்லை.

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியே போனார். மாட்டும்போது மட்டும் இரண்டு கையும் வேண்டும். கம்பியை விட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல், இரண்டு கையையும் தூக்கி நின்றார்.

நான் சத்தமில்லாமல் பின்வாங்கிப் படி இறங்கினேன். கீழ் மாடி வரை இறங்கினேன். அங்கிருந்து வேண்டுமென்றே இருமிக்கொண்டு, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு, “இந்த கரண்டுக்கு ஒரு நேரம் காலம் இல்ல” என்று உரக்கத் திட்டிக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏறி வந்தேன்.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்து விட்டிருந்தார், அந்தப் புழுக்கத்தில். மூச்சு வாங்கியது. போர்வை எட்டாத இடத்தில் லுங்கியின் ஓரம் ஈரம். காலில், ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய மெத்துச் செருப்பு அப்படியே இருந்தது, கழற்ற நேரம் இல்லை போலிருக்கிறது.

“இன்னாமே, கரண்ட் போய்ட்சா?”

“ம். வேத்து ஊத்துதே உங்களுக்கு.”

“ஃபேன் இல்லல்ல?”

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். போர்வையை விலக்கினேன். அவர் கால் ஒரு தரம் விறைத்தது, பிறகு அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றி அதன் அடியைப் பார்த்தேன். ஈரத்தில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு வெள்ளையாக மின்னியது. முந்தானையால் துடைத்தேன். பிறகு அந்த வலது பாதத்தை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரல் இடுக்கு, குதிகால், விரல் போன இடத்துத் தழும்பு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பாதம் சூடாக இருந்தது. நடந்த காலின் சூடு.

வெளியே கடைசிக் கம்பியில், எங்கள் கண்ணுக்குப் படாமல், குருவி வந்து உட்கார்ந்து ‘டிச்சிக்’ என்றது கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நேத்து நான் கேட்டது…” என்று ஆரம்பித்தேன்.

“வுடு.”

“இல்லங்க…”

“வுடுன்றேன்ல. அங்க இன்னாத்த அவ்ளோ நேரமா பாத்துக்கினு கீற?”

“புண்ணு எதனா கீதான்னு பாக்கறேன்.”

“கீதா?”

“இல்ல” என்றேன். காலை மடியிலேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.